ஒரு சாண் அகலச் சிறகு

சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து தேஜஸ் விமானம் மேலெழும்பும் காலை வேளைகளில், இருகூரில் இருக்கும் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிர்வதும், அந்த அதிர்வு அடங்கும்வரை நான் கையிலிருக்கும் இடுக்கியை மேஜைமேல் வைத்துவிட்டுக் காத்திருப்பதும் கடந்த சில மாதங்களாக வழக்கமாகிவிட்டன. இடுக்கியின் முனையில் இருப்பது தலைமயிரைவிடச் சற்றே தடித்த ஓர் இழை; அது போய்ச் சேரவேண்டிய இடமோ, ஒரு சாணுக்கும் குறைந்த அகலமுடைய இரட்டைச் சிறகு விமானமொன்றின் மேற்சிறகில் நான் துளைத்து வைத்திருக்கும், அரை மில்லிமீட்டர்கூட விட்டமில்லாத ஒரு துவாரம். 1918-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து வானத்தில் பறந்த எஸ்.இ.5ஏ என்னும் போர் விமானத்தை 48-இல் ஒரு பங்கு அளவில் நானும் என் மகளின் மகளும் சேர்ந்து செய்துகொண்டிருக்கிறோம்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "ஓய்வுக் காலத்துக்கு நல்ல பொழுதுபோக்குத்தானுங்க" என்று அன்போடு சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆயினும் அந்த அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை. ஒரு பழைய இயந்திரத்தை அளவு பிசகாமல் சிறிதாக்கிச் செய்து, அதன் நிறத்தையும் நரம்பையும் தையலையும் ஆராய்ந்து வர்ணம் தீட்டி முடிப்பதென்பது, சரித்திரத்தையும் யந்திர சாஸ்திரத்தையும் கைவழியாகக் கற்கிற ஒரு படிப்பு. அந்தப் படிப்பு, வார்ப்படத்தாலும் தறியாலும் வளர்ந்த நம் கொங்கு நாட்டில் மற்றச் சீமைகளைக் காட்டிலும் இயல்பாக வேர்பிடிக்கக் கூடியது என்பதும், நம் பள்ளிக்கூடங்களில் அதற்கென்று ஒரு மேஜையும் வாரத்தில் இரண்டு மணி நேரமும் ஒதுக்கப்பட வேண்டும் என்பதும் என் கட்சி.

கொங்கு நாட்டுக்கு ஏன் இயல்பானது என்று சொல்வதற்கு என் தகப்பனாரின் தொழிலைச் சொல்லவேண்டும். அவர் கணபதிப் பக்கத்தில் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் செய்துகொண்டிருந்தவர். கோயம்புத்தூரில் வார்க்கப்பட்டுத் தேசமெங்கும் கிணற்று மேடுகளில் ஓடுகிற ஒவ்வொரு பம்புக்கும், அது இரும்பாவதற்கு முன்னால், தேக்கு மரத்தில் ஓர் உருவம் இருந்தது. அந்த மர உருவத்தைச் செதுக்கி, உப்புத்தாள் போட்டு, விளிம்புகளை மெழுகால் வளைவாக்கி, மணலில் பதித்தால் மணல் உதிராமல் வெளியே வரும்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் சிறு சரிவு கொடுத்துச் செய்து தருகிறவர்தான் பேட்டர்ன்காரர். உருக்கிய இரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கிவிடும் ஆதலால், அவர்கள் கையாளும் அளவுகோலே தனி: அதில் ஓர் அங்குலம் என்று பொறித்திருப்பது மெய்யான அங்குலத்தைவிட அந்த நூற்றில் ஒரு பங்கு நீளமானது. சுருங்கப்போகும் ஒன்றுக்காக முன்கூட்டியே நீட்டி வைக்கப்பட்ட அந்தப் பித்தளை ஸ்கேல், தகப்பனார் காலமான பிறகு எனக்கு வந்துசேர்ந்த சொத்துக்களில் ஒன்று. ஒரு பொருளை வேறோர் அளவில் மனத்துக்குள் காண்பது எப்படி என்பதைச் சிறுவயதில் எனக்குக் காட்டியது அதுதான்.

செக் நாட்டிலிருந்து வந்த பிளாஸ்டிக் பாகங்களின் பெட்டியை முதல்முறை திறந்தபோது, அந்தத் தகப்பனாரே பக்கத்தில் நிற்பதுபோல் எனக்குத் தோன்றியது. பாகங்கள் ஒரு சட்டத்தில் காய்கள்போல் தொங்குகின்றன. அந்தச் சட்டம் வேறொன்றுமில்லை, உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடிவந்த வழிதான். நம் பவுண்டரிகளில் ரன்னர் என்றும் கேட் என்றும் சொல்கிறோமே, அதுவே இது. இரண்டு அச்சுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. அதுவும் நமக்குப் பழகிய பார்ட்டிங் லைன். முதல் வேலை, நிப்பரால் பாகத்தை வெட்டியெடுத்து, அந்தக் கோட்டை அரத்தாலும் உப்புத்தாளாலும் இருந்த சுவடு தெரியாமல் தேய்ப்பது. 48-இல் ஒன்று என்னும் அளவுகூடப் பழைய பட்டறைக்காரர்களுக்கு அந்நியமன்று: ஓர் அடிக்குக் கால் அங்குலம், அதாவது இரண்டு நூல். விமானத்தின் சிறககலம் 26 அடி 7 அங்குலம். நம் மேஜையில் அது 53 நூல். ஐந்தரை அடி மனிதன் பதினோரு நூல் உயரம் நிற்பான்.

கோயம்புத்தூரில் யந்திரத்தைப் பற்றி எழுதும்போது ஜி. டி. நாயுடுவை நினையாமல் எழுத முடிவதில்லை. 1893-இல், இன்றைய சூலூர்த் தளத்துக்கு அண்மையிலுள்ள கலங்கல் கிராமத்தில் பிறந்த அவர், இளமையில் ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, கூலி வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கி, வாங்கியதும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மறுபடியும் பூட்டிய கதை இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். அவர் 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டதும், 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்நாட்டின் முதல் மின்மோட்டாரைச் செய்ததும் அந்தக் கழற்றிப் பூட்டலின் பின்விளைவுகள் என்றே நான் கருதுகிறேன். கழற்றத் தெரிந்தவனுக்கே கட்டத் தெரியும். ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு முன் மண்ணோடு மண்ணாகிப்போன விமானத்தை யார் கழற்றிப் பார்ப்பது? அதைச் சிறிய அளவில் கட்டிப் பார்ப்பதுதான் நமக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி.

ஆயிரம் விமானங்கள் இருக்க எஸ்.இ.5ஏயைத் தேர்ந்ததற்குக் காரணம் இன்னொரு மோட்டார் சைக்கிள். நாயுடுவுக்கு ஐந்தாண்டு இளையவராய், 1898 டிசம்பர் 2-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்து, லண்டன் செயின்ட் பால் பள்ளியில் பயின்றுகொண்டிருந்த இந்திரலால் ராய் என்னும் வங்காளப் பிள்ளை, முதல் மகாயுத்த காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர விண்ணப்பித்தபோது, கண்பார்வை போதாதென்று மறுக்கப்பட்டார். அவர் தம் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு பெயர்பெற்ற கண் வைத்தியர் ஒருவரிடம் தம்மைப் பரிசோதித்துக்கொண்டு, பார்வை நன்றாயிருக்கிறது என்ற சான்றோடு திரும்பிவந்து, 1917 ஜூலையில் படையில் அதிகாரியானார். ஒருவர் யந்திரத்தை அறிவதற்காக மோட்டார் சைக்கிளைக் கழற்றினார். மற்றவர் யந்திரத்தில் ஏறுவதற்காக மோட்டார் சைக்கிளை விற்றார். ஏறத்தாழ ஒரே தலைமுறையில், ஒரே சாம்ராஜ்யத்தின் கீழ், ஒருவரையொருவர் அறியாத இரண்டு இளைஞர்களின் இந்தப் பித்தை என் பேத்திக்குச் சொல்லிய அன்றுதான் அவள் இந்த வேலையில் முழு மனத்தோடு உட்கார்ந்தாள்.

ராயின் கதையில் என்னை மிகவும் தொட்டது அவர் பெற்ற வெற்றிகள் அல்ல. 1917 டிசம்பர் 6-ஆம் நாள், 56-ஆம் ஸ்குவாட்ரனில் இருந்தபோது, அவருடைய எஸ்.இ.5ஏ விழுந்து நொறுங்கிப் பலத்த காயமுற்றார். பிணமென்று எண்ணிப் பிணவறையில் கிடத்தினார்கள் என்றும் சொல்வதுண்டு. அதன்பின் உடல் தேறிக்கொண்டிருந்த மாதங்களில் அந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளை என்ன செய்தார் என்றால், விமானங்களை வரைந்துகொண்டிருந்தார். அந்தச் சித்திரங்களில் பல இன்றும் இருக்கின்றன. தம்மைக் கொல்லப் பார்த்த இயந்திரத்தின் உருவத்தைப் படுக்கையில் கிடந்தபடியே வரைந்து பார்க்கிற மனம், என் மேஜைக்கு அண்மையிலிருக்கும் ஒரு மனமாக எனக்குத் தோன்றுகிறது. 1918 ஜூன் மாதத்தில் அவர் 40-ஆம் ஸ்குவாட்ரனில் மக்எல்ராய் என்னும் தேர்ந்த வீரரின் தலைமையில் மீண்டும் பறக்கலானார். ஜூலை 6-க்கும் 19-க்கும் இடையே, இரண்டு வார காலத்துக்குள், பத்து வான் வெற்றிகள் அவர் கணக்கில் எழுதப்பட்டன. ஜூலை 22-ஆம் நாள் கார்வின் ஊருக்கு மேலே நடந்த சண்டையில் அவர் விமானம் தீப்பற்றி விழுந்தது. அவருக்கு வழிகாட்டிய மக்எல்ராயும் அதற்கு ஒன்பது நாள் கழித்து மாண்டார். செப்டம்பரில் ராய்க்கு அளிக்கப்பட்ட டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ் விருதே இந்தியர் ஒருவர் பெற்ற முதலாவது. பிரான்சில் எஸ்தவெல் கிராமத்து இடுகாட்டில் இருக்கும் அவர் கல்லறையில் வங்காள மொழியிலும் பிரெஞ்சிலும் எழுதியிருக்கிறது. அவருடைய உறவினரான சுப்ரதோ முகர்ஜி பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் விமானப் படைக்கு முதல் இந்தியத் தளபதியானார்.

இனி அந்த விமானத்தைக் கட்டுகிற காரியத்துக்கு வருகிறேன்.

முதலில் எஞ்சின். மூடியைப் பொருத்திய பிறகு அது கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் அதைப் படிக்காமல் மூட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அது ஒரு பவுண்டரிக்காரனின் எஞ்சின். பார்சிலோனாவில் தொழில்செய்த ஸ்விட்சர்லாந்துக்காரரான மார்க் பிர்கிக்ட், சிலிண்டர்களைத் தனித்தனியே செய்து அடுக்குகிற பழைய முறையை விடுத்து, நான்கு சிலிண்டர்களையும் ஒரே அலுமினிய வார்ப்பாக வார்த்து, அதற்குள் எஃகுக் குழல்களைத் திருகிச் செலுத்தினார். அந்த வார்ப்பு இரண்டை 'வி' வடிவில் நிறுத்தியதே ஹிஸ்பானோ-ஸூயிஸா எஞ்சின். ஆரம்பத்தில் 150 குதிரைச் சக்தி. பிறகு பல்சக்கரம் வைத்து 200 ஆக்கியபோது, வெளியே செய்வித்த பல்சக்கரங்களுக்குப் பதம் சரியாக ஏற்றப்படாமையால் அவை வானத்திலேயே நொறுங்கின. பல்சக்கரமே இல்லாமல் நேராகச் சுழலும்படி வுல்ஸ்லி நிறுவனம் செய்த வைப்பர் எஞ்சின் வந்த பிறகுதான் வீரர்களுக்கு நிம்மதி உண்டாயிற்று. பதம் ஏறாத பல்சக்கரம் என்ன செய்யும் என்பதைக் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. சுழலும் மர விசிறியின் இதழ்களுக்கு இடையே குண்டு செல்லும்படி துப்பாக்கியை எஞ்சினோடு இசைத்த சாதனமும் நம்மவர்க்குப் பிடிக்கும்: ருமேனியரான கான்ஸ்டன்டினெஸ்கோ, கம்பியும் நெம்புகோலும் இல்லாமல், குழாய்க்குள் அழுத்தி வைத்த எண்ணெயில் ஒரு துடிப்பைச் செலுத்தி அதைச் சாதித்தார்.

அடுத்தது கம்பி. இரட்டைச் சிறகு என்பது அலங்காரத்துக்காக ஏற்பட்டதன்று. மெல்லிய மரச் சட்டத்தால் ஆன ஒற்றைச் சிறகு தன் பாரத்தைத் தாங்காது முறியும். இரண்டை மேலும் கீழுமாக வைத்து, நடுவே தூண் நிறுத்தி, மூலைக்கு மூலை கம்பி இழுத்துக் கட்டினால், அது ஒரு பெட்டியாகி அசைவற்று நிற்கும். மேலெழும்பும்போது சிறகுகள் மடங்காமல் பிடித்திருப்பவை ஒரு திசைக் கம்பிகள். தரையில் நிற்கும்போது தொங்கிவிடாமல் பிடித்திருப்பவை எதிர்த்திசைக் கம்பிகள். இதைப் புத்தகத்தில் பலமுறை படித்திருந்தும், என் கையால் மேற்சிறகை ஒட்டியபோது வலப்பக்கம் அரை நூல் இறங்கிவிட்டது. கம்பி இழுத்தால் சரியாகிவிடும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு இழுக்கப்போக, இடப்பக்கத்துக் கம்பி தளர்ந்து துவண்டது. ஒன்றை இறுக்கினால் எதிர்ப்புறத்தில் ஒன்று நெகிழ்கிறது. எல்லாம் ஒன்றையொன்று நம்பி நிற்கின்றன. சிறகைப் பிரித்தெடுத்து, அட்டையில் ஒரு ஜிக் வெட்டி, கோணம் பார்த்து, மூன்று நாள் கழித்து மறுபடி ஒட்டினோம். அந்த மூன்று நாளில் என் பேத்தி கற்ற விசையியல், அவளுடைய பாடப்புத்தகத்தில் ஒரு படத்துக்குக் கீழே இரண்டு வரியாக இருக்கிறது.

வர்ணத்தைப் பற்றித்தான் நான் மனம்விட்டு எழுத விரும்புகிறேன், ஏனெனில் இந்த வித்தையின் தர்மம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

அந்த விமானத்தின் சிறகு, துணி. ஆளிச்செடியின் நாரால் நெய்த லினன் துணியை மரச் சட்டத்தின்மேல் போர்த்தி, விலா எலும்புபோன்ற ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தோடும் நூலால் தைத்து, தையலின்மேல் நாடா ஒட்டி, அதற்குமேல் டோப் என்னும் செல்லுலோஸ் குழம்பைப் பலமுறை பூசுவார்கள். குழம்பு காயக் காயத் துணி சுருங்கி, அனலில் காட்டிய தப்பட்டைத் தோல்போல் விறைத்துக்கொள்ளும். இந்தக் குழம்பில் முதலில் கலந்திருந்த ஒரு கரைப்பானின் ஆவியால், அதைப் பூசும் வேலையில் இருந்த பெண்கள் பலர் காமாலை கண்டு நலிந்தார்கள், சிலர் இறந்தும் போனார்கள். சாயப் பட்டறைகளின் வாசனையை அறிந்த நம் ஊர்க்காரர்கள், சண்டை நடந்த வானத்துக்கு வெகு தொலைவில் செத்த அந்தப் பெண்களையும் அந்தச் சிறகைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ள வேண்டும். யுத்தத்தின் பிற்பகுதியில் லினன் கிடைப்பது அரிதானபோது, அமெரிக்கர்கள் மெர்சரைஸ் செய்த பருத்தித் துணியை அதற்குப் பழக்க, அதுவே பின்னாளில் விமானத் துணி ஆயிற்று. பருத்தி விளையும் கரிசலும் நூற்பாலைகளும் சூழ வாழ்கிற நமக்கு இது வெறும் தகவலாகத் தோன்றாது.

சிறகின் அடிப்பக்கத்தில் டோப் மட்டும் பூசியிருந்ததால் அது துணியின் சொந்த நிறம்: வெளுக்காத காடாத் துணியின் நிறம். என் பேத்தி கடையில் வாங்கிய வெண்மஞ்சள் வர்ணத்தை ஒதுக்கிவிட்டு, பரணிலிருந்த காடாத் துணியில் ஒரு துண்டை வெட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தச் சாயல் வரும்வரை கலந்தாள். மேற்பக்கத்துக்கோ வேறு கதை. வெயில் துணியை அரித்துவிடாமல் தடுப்பதற்காக அங்கே பி.சி.10 என்னும் நிறக்குழம்பைப் பூசினார்கள். அதில் இருந்தவை பெரும்பாலும் மஞ்சள் காவி மண்ணும் கொஞ்சம் புகைக்கரியும். நம் கிராமத்துத் திண்ணைகளுக்கு அந்நியமில்லாத இரண்டு சரக்குகள். இவ்வளவு எளிய கலவையின் நிறம் என்ன என்பதில், ஒரு நூற்றாண்டாக அறிஞர்களிடையே தகராறு ஓயவில்லை. சிலர் அது பாசிப்பச்சை என்கிறார்கள். சிலர் மண்பழுப்பு, இன்னும் சிலர் ஏறக்குறைய சாக்லெட் என்கிறார்கள். ஒவ்வொரு தொழிற்சாலையிலும் கரியின் அளவு மாறியது, சில இடங்களில் மேலே வார்னிஷ் பூசினார்கள், வெயிலிலும் மழையிலும் நின்ற துணி நாளடைவில் பழுத்தது, அருங்காட்சியகங்களில் மிஞ்சியிருக்கும் துண்டுகள் நூறாண்டு முதுமையால் கறுத்தன. அக்காலத்துப் புகைப்படங்களோ கறுப்பு வெள்ளை. போதாக்குறைக்கு அக்காலத்து ஃபிலிம் சிவப்பைக் கறுப்பாகவும் நீலத்தை வெளிறலாகவும் காட்டும்.

"அப்படீன்னா எந்த நிறம்னு யாருக்குமே தெரியாதுங்களா அப்புச்சி?" என்று அவள் கேட்டாள். தெரியாது, அம்மிணி, என்றேன். அன்று சாயங்காலம் முழுவதும் நாங்கள் வர்ணம் பூசவில்லை. காவியும் கரியும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து எட்டு அட்டைகளில் பூசி, அவற்றை வெயிலில் ஒரு வாரம் வைத்துப் பார்த்து, ஜூலை மாதத்தில், போர்க்களத்து மண்ணருகே, சில வாரங்களே ஆன ஒரு விமானம் எப்படியிருக்கும் என்று யோசித்து, பச்சை சற்றே மிகுந்த ஒரு பழுப்பைத் தேர்ந்து, தேர்ந்ததற்கான காரணத்தை ஒரு சீட்டில் எழுதி, விமானத்தை நிறுத்தப்போகும் பலகையின் அடியில் ஒட்டினோம். அறிந்தது இவ்வளவு, ஊகித்தது இவ்வளவு என்று பிரித்து எழுதிவைக்கிற அந்தச் சீட்டு, என் அபிப்பிராயத்தில், அந்த மாதிரியின் மிக முக்கியமான பாகம். விடைத்தாளில் ஒற்றை வார்த்தையில் நிரப்பப் பழகிய குழந்தைக்கு, விடை தெரியாத கேள்வியை நேர்மையோடு கையாளப் பழக்குகிற வகுப்பு நம் பள்ளிகளில் வேறெங்கே இருக்கிறது?

சிறகிலுள்ள பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தில் நடுவே சிவப்பு, சூழ வெண்மை, வெளியே நீலம். அதை ஒட்டும்போது அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே, இது நம்முடைய சின்னமன்று என்றும், நம்முடையது காவியும் வெண்மையும் பச்சையும் என்றும், அந்தச் சின்னத்தின்கீழ் இறந்த பிள்ளை மட்டும் நம்முடையவர் என்றும் சொன்னேன்.

அலமாரியில் இதற்குப் பக்கத்தில் அதே 48-இல் ஒரு பங்கு அளவுள்ள தேஜஸ் ஒன்று நிற்கிறது. 45-ஆம் ஸ்குவாட்ரன் 2018-இல் சூலூருக்கு வந்ததும், 2020 மே மாதத்தில் 18-ஆம் ஸ்குவாட்ரன் அதே விமானத்தோடு அங்கே மறுபிறப்பெடுத்ததும் நம் ஊர்ப் பிள்ளைகள் அறிந்தவை. இரண்டையும் அருகருகே வைத்த அன்று அளந்து பார்த்து நாங்களே வியந்துபோனோம்: எஸ்.இ.5ஏயின் சிறககலம் 8.11 மீட்டர், தேஜஸின் சிறககலம் 8.2 மீட்டர். நூறாண்டு இடைவெளியிலுள்ள இரண்டு போர் விமானங்களுக்கு, எங்கள் அலமாரியில், சிறகில் ஒரு நூல்கூட வித்தியாசமில்லை. ஒன்று மரச் சட்டத்தின்மேல் துணி போர்த்திக் குழம்பு பூசியது. மற்றதன் கட்டுமானத்தில், எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கார்பன் இழைக் கலவை. அதாவது, இழையை அடுக்கிப் பிசினில் தோய்த்து இறுக வைத்தது. "ஏனுங்க அப்புச்சி, இதுவும் துணிதானுங்களா?" என்றாள் பேத்தி. இந்தக் கேள்வியை ஒரு குழந்தையின் வாயிலிருந்து வரவழைக்க, ஒரு சாண் அகலமுள்ள இரண்டு மாதிரிகள் போதுமானவையாக இருந்தன.

போர் விமானத்தைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது போரைப் போற்றுவது ஆகாதா என்று ஒரு நண்பர் என்னிடம் வருத்தத்தோடு கேட்டார். அது லேசான ஆட்சேபமன்று. அதற்கு நான் விளையாட்டாக விடைசொல்ல மாட்டேன். இந்த விமானத்தில் ஆசனத்துக்கு நேர் முன்னால் பெட்ரோல் தொட்டி இருக்கிறது. வீரனுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே உடலின் பெரும்பகுதியில் துணியும் மெல்லிய பலகையும்தான். பலூனிலிருந்து வேவு பார்த்தவர்களுக்குப் பாரசூட் கொடுத்த அதே படை, விமானமோட்டிகளுக்குக் கொடுக்கவில்லை. ஆசனத்தைச் செய்து, தொட்டியை வைத்து, துணியைத் தீட்டிய கை இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டு அறிகிறது. திரையில் விசையை அழுத்தி நூறு விமானங்களை வீழ்த்துகிற விளையாட்டில் இந்த அறிவு வருவதில்லை. ராயின் முடிவை அறிந்த நாளில் என் பேத்தி, விமானத்துக்குள் வீரனின் பொம்மையை வைக்கவேண்டாம் என்று தானாகவே சொல்லிவிட்டாள். ஆசனம் காலியாகவே இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இந்த மரத்துக்கும் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: சென்னையில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்பவர், சிம்ப்சன் பட்டறையில் தாமே ஓர் இரட்டைச் சிறகு விமானத்தைக் கட்டுவித்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்தார். அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஆகாயத் தபால் பறந்த புகழ்பெற்ற 1911 பிப்ரவரிக்கு அது ஏறத்தாழ ஓராண்டு முந்தியது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படை கோயம்புத்தூரில் விமானப் பழுதுபார்க்கும் நிலையமொன்றை அமைத்தது. கடற்படையின் விமான நிலையங்களுக்குப் பறவைகளின் பெயரிடுவது அவர்கள் மரபு. கோயம்புத்தூர் நிலையத்துக்குக் கருடா என்றும், சூலூருக்கு நம் கிராமங்களில் கோழிக்குஞ்சைத் தூக்கிச் செல்லும் வைரியின் பெயரையும் சூட்டினார்கள். சூலூருக்கு மேலே இன்று பறப்பவற்றைப் படம்பிடிக்கத் திரளும் இளைஞர்களில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

ஆகவே நான் கேட்பது பெரிய திட்டமொன்றுமில்லை. நம் பவுண்டரிகளில் பேட்டர்ன் வேலை மரத்திலிருந்து கணினிக்கு மாறிவருகிறது. அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் மரத்தில் செய்தவர்களின் கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அவர்களில் பலர் கணபதியிலும் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை வாரத்தில் இரண்டு மணி நேரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழையுங்கள். தகுந்த சம்பளம் கொடுங்கள். வெளிநாட்டுப் பெட்டிகளின் விலை சாமானியர்களுக்கு எட்டாது என்பது உண்மை. ஆனால் முதல் மாதிரிக்குப் பெட்டி தேவையில்லை. பட்டறையில் அடுப்புக்குப் போகும் மரத்துண்டும், அட்டையும், மூங்கில் சீவலும், தூண்டில் நரம்பும், காடாத் துணியும் போதும். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்வது ஏற்கெனவே பயிற்சியாக இருக்கிறது. அந்தப் படையில் சேராத பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்பு வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஆண்டுக்கொரு முறை கொடிசியா வளாகத்தில் பம்புகளும் லேத்துகளும் காட்சிக்கு வருகிற அரங்குகளுக்கு நடுவே, அந்தப் பிள்ளைகளின் மாதிரிகளுக்கும், அவற்றின் அடியிலுள்ள சீட்டுகளுக்கும் ஒரு மேஜை போடலாம். எதிர்காலத்தில் ஒரு நிரந்தரக் கூடம் அமையுமானால், அவினாசி சாலையில் பழைய மோட்டார் கார்களை அத்தனை சிரத்தையோடு காத்துவருகிற ஊருக்கு அது பொருத்தமாகவே இருக்கும்.

இந்தப் படிப்பு பரீட்சையில் மதிப்பெண் தராது என்று சொல்வார்கள். அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்த காலத்தில், வளாகத்தில் நிறுத்திவைத்திருந்த இரண்டு பழைய விமானங்களை மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பின்னும் அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறார். அந்த நேரத்துக்கும் யாரும் மதிப்பெண் போடவில்லை.

எங்கள் அடுத்த வேலை வாப்பிட்டி. 1933 ஏப்ரல் முதல் நாள் கராச்சியின் டிரிக் ரோடில் இந்திய விமானப் படையின் முதல் ஸ்குவாட்ரன், ஆறு அதிகாரிகளோடும் ஹவாயி சிப்பாய்கள் என்னும் பத்தொன்பது விமானப் படையினரோடும் தொடங்கியபோது, அதனிடம் இருந்தவை இந்த வகை இரட்டைச் சிறகு விமானங்கள் நான்கே. இது துல்லியமாகச் சொன்னால் போர் விமானமன்று. இருவர் அமர்ந்து பலவித வேலை பார்த்த பொதுப் பணி விமானம். உலகில் எஞ்சியிருக்கும் ஒரே வாப்பிட்டி தில்லி பாலம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதைப் பார்க்க, வரும் விடுமுறையில் போகிறோம். இந்த முறை பெட்டி வாங்கப் போவதில்லை. உடலைத் தேக்கில் செதுக்குவதாகத் தீர்மானம். பேத்தி நிறம் ஒப்பிட அட்டைகளைச் சேகரித்து ஒரு டப்பாவில் போட்டுவிட்டாள். அளவெடுக்கக் கொள்ளுத் தாத்தாவின் பித்தளை ஸ்கேலையும் எடுத்துவந்து அதன்மேல் வைத்தாள். அது இரும்பு வார்ப்புக்கான ஸ்கேல், அதன் ஒவ்வோர் அங்குலமும் நூற்றில் ஒரு பங்கு நீளம், மரம் அப்படிச் சுருங்காது என்று எடுத்துச் சொல்லி, வேறொரு ஸ்கேலைக் கொடுத்தேன். பித்தளை ஸ்கேலை அவள் திரும்ப வைக்கவில்லை. அதையும் துணியில் சுற்றி டப்பாவுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.